எலும்புக்கும் காலம் கொடுங்கள்

ஓட்டத்துக்குப் பழக்கப்படும் குதிரையின் உடலில் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் முன்னேறுவதில்லை. இதயமும் இரத்தமும் தசையும் சில வாரங்களிலேயே புதிய வேலைக்குத் தயாராகிவிடுகின்றன. எலும்புக்கு மாதங்கள் வேண்டும். வளர்ந்த குதிரையின் தசைநாண் பயிற்சியால் பெரிதாக வலுப்படுவதே இல்லை. நுரையீரல் பயிற்சிக்கு முன் எப்படி இருந்ததோ பின்னும் அப்படியே இருக்கிறது. இவற்றில் பயிற்றுநரின் கண்ணுக்கும் கையிலிருக்கும் கடிகாரத்துக்கும் அகப்படுவது முதல் மூன்றின் முன்னேற்றம் மட்டுமே. மூச்சு சீராகிவிட்டது, மேனி மினுமினுக்கிறது, ஓடி நின்ற சில நிமிடத்தில் நாடி அடங்குகிறது, ஆகவே பந்தயத்தில் இறக்கலாம் என்று முடிவாகிறது. அந்த முடிவு எடுக்கப்படும் நாளில் முன்னங்கால் எலும்பு தன் வேலையைப் பாதிகூட முடித்திருக்காது. பந்தயத் திடல்களில் குதிரைகள் கால் முறிந்து சாவதற்கு ஒரு பெரிய காரணம் இந்த இடைவெளி. பயிற்சியின் நாட்காட்டியை இதயத்தை வைத்துப் போடுவதை நிறுத்தி, எலும்பை வைத்துப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குதிரையின் இதயத்தைப் பற்றி வியப்பில்லாமல் பேச முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். லாயத்தில் அமைதியாக நிற்கும் குதிரைக்கு நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 30 முதல் 40. முழுப் பாய்ச்சலில் அது 220, 240 வரை ஏறும். மனித இதயம் ஓய்விலிருந்து உச்சத்துக்குப் போகும்போது மூன்று மடங்கு ஏறினாலே பெரிது. குதிரையுடையது ஆறேழு மடங்கு ஏறுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் இரத்தத்தை இறைக்கும் இதயம் உச்சத்தில் 240 லிட்டரைத் தாண்டுகிறது. மண்ணீரல் இன்னொரு அதிசயம். ஓய்வு நேரத்தில் சிவப்பணுக்களைச் சேமித்துவைத்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் சுருங்கி அவற்றை இரத்தத்தில் கொட்டுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. மனித ஓட்டக்காரர் ஒருவரின் இரத்தத்தில் இந்த அளவு தெரிந்தால் ஊக்கமருந்து விசாரணை வரும். குதிரைக்கு இது பிறவியிலேயே வாய்த்தது. பயிற்சி இந்தக் கொடையை இன்னும் பெருக்குகிறது. 18 வாரப் பந்தயப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு வயதுக் குதிரைகளின் இதயத்து இடது கீழறைத் தசை மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்ததை 1999இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் இரண்டு மாதங்களிலேயே கணிசமாக உயர்ந்துவிடும். பந்தய உலகம் இதயத்தைத்தான் கொண்டாடியும் வந்திருக்கிறது. 1932இல் இறந்த ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையின் இதயம் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பார்வைக்கு இருக்கிறது. 1989இல் இறந்த செக்ரடேரியட் என்ற குதிரையின் இதயம் 22 பவுண்டு இருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் மதிப்பிட்டார். அதை யாரும் தராசில் வைக்கவில்லை, ஆனாலும் அந்த எண் ரேஸ் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். காலுக்கு இந்தப் புகழில் ஒரு பங்கும் கிடைத்ததில்லை.

கால் படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை பாயும்போது ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் ஒற்றை முன்னங்காலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் காலில் இறங்கும் விசை உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. ஒரு தாவலுக்கு ஆறேழு மீட்டர் என்று வைத்தால், 1,600 மீட்டர் பந்தயத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 240 முறை தரையில் இறங்கி எழுகிறது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீண்ட எலும்பு இளம் குதிரையில் இதற்கேற்ற வடிவில் இருப்பதில்லை. வேகத்தின் விசையைச் சந்தித்த பிறகுதான் அது முன்பக்கத்தில் புது எலும்பை அடுக்கித் தன் குறுக்குவெட்டு வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் முடியுமுன் விசை மிஞ்சினால் முன்பக்கம் வீங்கி, விரல் பட்டாலே குதிரை காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு வலிக்கும். அமெரிக்காவில் பயிற்சிக்கு வரும் இரண்டு வயதுக் குதிரைகளில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்தத் தொல்லை வருவதாகச் சொல்லப்பட்டுவந்தது. அதை வளரும் வயதின் இயல்பு என்றே பல தலைமுறைப் பயிற்றுநர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நனமேக்கர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் இந்த ஒரே எலும்பை ஆராய்ந்த அவர், கோளாறு வயதில் இல்லை, பயிற்சி முறையில் இருக்கிறது என்று காட்டினார். வழக்கமான பயிற்சியில் குதிரையைத் தினமும் நெடுந்தூரம் மிதமான வேகத்தில் ஓட்டுவார்கள். முழு வேகம் எப்போதாவதுதான். மிதமான ஓட்டத்தில் எலும்பு வளையும் திசை ஒன்று, பந்தய வேகத்தில் வளையும் திசை வேறு. எலும்பு எதற்குப் பழக்கப்படுகிறதோ அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பந்தய நாளில் வேறொன்றைச் சந்திக்கிறது. ஆகவே நெடுந்தூர மித ஓட்டத்தைக் குறைத்து, குறுகிய தூரத்தைப் பந்தய வேகத்துக்கு அருகில் அடிக்கடி ஓடவிட வேண்டும் என்றார் அவர். 200-க்கும் மேற்பட்ட இளம் குதிரைகளின் பயிற்சிப் பதிவுகளை அவரும் சக ஆய்வாளரும் அலசி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதை உறுதிசெய்தது. வேகக் குறுந்தூரம் கூடக்கூட இந்தக் காயம் குறைந்தது, மித நெடுந்தூரம் கூடக்கூட அதிகரித்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் நீல்சன் குழுவினர் அடைத்துவைத்த கன்றுக்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனைகளும் இதே திசையைக் காட்டுகின்றன. நூறு மீட்டருக்கும் குறைவான ஓட்டம், அதுவும் வாரத்தில் சில தடவை, கால் எலும்பைக் கணிசமாக வலுப்படுத்தியது. எலும்புக்கு வேண்டியது வேலையின் நீளம் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது.

எலும்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் விதத்தில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடும் ஓட்டத்தில் எலும்புக்குள் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. சேதமடைந்த பகுதியைச் சில செல்கள் முதலில் அரித்து எடுக்கும். வேறு செல்கள் பிறகு வந்து புது எலும்பால் நிரப்பும். அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். தார்ச்சாலையைப் பறித்துப் போட்டுவிட்டுப் புதுத் தார் ஊற்றக் காத்திருக்கும் காலத்தைப் போன்றது இது. அந்த இடைக்காலத்தில் பழைய சாலையைவிட மோசமான சாலையில்தான் வண்டி போக வேண்டியிருக்கிறது. கடும் பயிற்சி நடக்கும்போது இந்தப் பழுதுபார்ப்பு அடங்கிக் கிடக்கும். ஓய்வு கிடைத்ததும் விறுவிறுப்பாகத் தொடங்கும். ஆக, ஓய்வு முடிந்து திரும்பும் குதிரையின் எலும்பு துளை நிறைந்ததாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கலிஃபோர்னியாவில் பந்தயத் திடல்களில் இறக்கும் குதிரைகள் எல்லாவற்றையும் 1990 முதல் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். அந்தப் பரிசோதனைகளை ஆராய்ந்த சூ ஸ்டோவர் குழுவினர், முன்னங்காலின் மேல் எலும்பு முறிந்து இறந்த குதிரைகளில் பல, இரண்டு மாதமோ அதற்கு மேலோ வேகப் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு அண்மையில் திரும்பியவை என்று கண்டார்கள். முறிந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் பழைய சேதத்தின் தடயமும் இருந்தது. ஒரு தப்படியில் நேர்ந்த விபத்து என்று மைக்கில் அறிவிக்கப்படும் முறிவு, பல வாரங்களாக உள்ளே உருவாகிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். ஓய்வு எடுத்த குதிரையின் இதயமோ பல வாரங்கள் வரை தன் திறனைப் பெரும்பாலும் இழப்பதில்லை. குதிரை பழைய வேகத்தில் ஓடத் துடிக்கும். கால் அதற்குத் தயாராக இருக்காது.

தசைநாண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாண் ஸ்பிரிங் போல நீண்டு சுருங்கி ஓட்டத்துக்கான ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. முழுப் பாய்ச்சலில் அது அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்தான் வேலைசெய்கிறது. அதன் நடுப்பகுதியின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதை அளந்திருக்கிறார்கள். குதிரைக்கு இரண்டு வயது ஆகும்போது தசைநாண் ஏறக்குறைய முதிர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பயிற்சி அதைத் தடிப்பாக்குவதில்லை, தேய்மானத்தைத்தான் சேர்க்கிறது. கிழிந்தால் ஆறுவதற்கு ஓராண்டு வரை ஆகும், ஆறிய இடம் பழைய நெகிழ்வை அடைவதும் இல்லை. எனவே தசைநாணுக்கு நல்லது செய்ய விரும்புபவர் அதைக் குட்டிப் பருவத்திலேயே செய்ய வேண்டும். தாயோடு மேய்ச்சல் நிலத்தில் துள்ளித் திரியும் குட்டியின் கால்களில்தான் குருத்தெலும்பும் தசைநாணும் நன்றாக உருவாகின்றன.

ஓய்வுக்குப் பின் திடீர் வேகம் என்ன செய்யும் என்பதை உடலியல் படிக்காமலே ஒருவர் நம் மண்ணைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து கடல்வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வரவழைத்தார்கள்; காயல் அந்த வணிகத்தின் முக்கியத் துறைமுகம். மார்க்கோ போலோ, ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேல் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததே காரணம் என்றும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் கயிறும் முளையுமாக லாயத்தில் கட்டிவைக்கிறார்கள். பிறகு பயிற்சி எதுவும் கொடுக்காமல் ஏறி விரட்டுகிறார்கள். கொஞ்ச காலத்தில் மிக வலுவான குதிரையும் எதற்கும் உதவாமல் போகிறது என்கிறார். வெளியூர்க்காரர்களின் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வஸ்ஸாஃபின் எழுத்தில் நம் படைவீரர்கள் மீது ஏளனமும் இருக்கிறது. வெப்பமும் நோயும் பொருந்தாத தீனியும் கொன்றவை ஏராளமாக இருந்திருக்கும். ஆனாலும் நாற்பது நாள் கட்டிவைத்து அதன்பின் விரட்டினார்கள் என்ற விவரம் இன்றைய எலும்பியலோடு அச்சாகப் பொருந்துகிறது. கப்பலில் வாரக்கணக்கில் நின்றபடியே வந்த விலங்கு அது. அதற்கு மேலும் நாற்பது நாள் நின்றது. மேனி பளபளத்திருக்கும், எலும்பு கரைந்திருக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏறியவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு எலும்பைப் பார்க்க வழியில்லை. நமக்கு இருக்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. எலும்பு இவ்வளவு மெதுவானதென்றால், இரண்டு வயதுக் குதிரையைத் தொடவே கூடாது, நான்கு ஐந்து வயது வரை விட்டுவைக்க வேண்டும் என்று விலங்கு நேயர்கள் பலர் சொல்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். அவர்களுடைய முடிவை ஏற்க முடியவில்லை. வளரும் எலும்புதான் விசைக்கு மிக நன்றாகப் பதில் தருகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆயிரக்கணக்கான குதிரைகளின் பந்தய வாழ்வை ஒப்பிட்ட ஆய்வுகளில், இரண்டு வயதில் ஓடத் தொடங்கியவை பிந்தித் தொடங்கியவற்றைவிட நீண்ட காலம் களத்தில் இருந்தன. பிறவியிலேயே உறுதியான குதிரைகள்தான் சீக்கிரம் தொடங்கும் என்பதால் இந்த எண்களை இளமைப் பயிற்சியின் முழு வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயினும் சீக்கிரம் தொடங்குவதே கேடு என்ற வாதம் இவற்றின் முன் நிற்காது. மேய்ச்சலிலிருந்து பிடித்து லாயத்தில் அடைத்த இளம் குதிரைகளின் கால் எலும்பில் கனிமம் குறைவதையும் அளந்திருக்கிறார்கள். ஆகவே ஐந்து வயது வரை லாயத்தில் கட்டிவைத்துக் காப்பாற்றுவதாக நினைப்பவர் குதிரைக்குத் தீங்கைத்தான் செய்கிறார். இளமையில் வேகத்தைச் சிறு அளவில் காட்ட வேண்டும். போட்டியின் முழுச் சுமையை ஏற்றக் காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுக் குதிரைகளுக்குப் பெரும் பரிசுத்தொகை வைத்து இந்த வேறுபாட்டை அழித்ததுதான் பந்தய நிர்வாகங்கள் செய்த தவறு.

இரண்டாவது மறுப்பு லாயங்களிலிருந்து வருகிறது. ஒவ்வொரு நாளும் காலைத் தடவிப் பார்க்கிற பயிற்றுநருக்கும் குதிரைக்காரருக்கும் தெரியாததா ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்துவிடப் போகிறது என்பது அது. அந்தக் கை அனுபவம் பொய்யில்லை. சூடும் வீக்கமும் தசைநாண் கோளாறை முன்கூட்டியே சொல்லும். நல்ல குதிரைக்காரர் அதை யாருக்கும் முன்னால் கண்டுபிடிப்பார். எலும்புக்குள் இருக்கும் விரிசலோ கைக்கு அகப்படாது, பல சமயம் சாதாரண எக்ஸ்ரேக்கும் அகப்படாது. 2019இல் எப்சம் டெர்பியை வென்ற ஆந்தனி வான் டைக் என்ற குதிரை அடுத்த ஆண்டு மெல்போர்ன் கோப்பையில் கால் முறிந்து கொல்லப்பட வேண்டியதாயிற்று. உலகின் மிகத் தேர்ந்த லாயங்களில் ஒன்றிலிருந்து வந்த குதிரை அது. அதன் பிறகே விக்டோரியா மாநில நிர்வாகம் வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளின் கால்களுக்கு சி.டி. ஸ்கேனைக் கட்டாயமாக்கியது. 2023 கென்டக்கி டெர்பி சமயத்தில் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் சில வாரங்களுக்குள் 12 குதிரைகள் இறந்தபோது எல்லோரும் முதலில் தரையைச் சந்தேகித்தார்கள். தரையைச் சோதித்ததில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான குறை எதுவும் அகப்படவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு குதிரையும் முந்தைய மாதங்களில் எவ்வளவு ஓடியது, எவ்வளவு நின்றது என்ற ஏட்டைத்தான்.

ஸ்கேனும் ஏடும் பணக்கார நாடுகளுக்குச் சரி, நமக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். ஏட்டுக்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். அளந்து பதிவு செய்வதே பாதி மருந்து என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே பந்தய மரணங்களை முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கிய 2009இல் ஓடிய ஒவ்வோர் ஆயிரம் முறைக்கும் 2.00 மரணங்கள், 2023இல் அது 1.32 ஆனது. வெப்பத்தில் கிடைத்த பாடம் இதைவிட நல்ல முன்னுதாரணம். பாயும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். அந்த வியர்வையில் உப்பு இரத்தத்தைவிட அதிகம் என்பதால் உடல் வறண்ட பின்னும் அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குதிரைகள் வெப்பத்தில் தள்ளாடியதைப் பார்த்தவர்கள் அடுத்த அட்லாண்டா ஒலிம்பிக்கை நினைத்து அஞ்சினார்கள். விஞ்ஞானிகள் அளந்தார்கள். ஓட்டத்தின் தூரத்தைக் குறைத்தார்கள், நடுவில் குளிர்விக்கும் இடைவேளை சேர்த்தார்கள், குதிரைகளை வாரங்களுக்கு முன்பே வரவழைத்து வெப்பத்துக்குப் பழக்கினார்கள். சூடான தசையில் குளிர்ந்த நீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையைச் சோதித்துத் தள்ளிவிட்டு, ஐஸ் கலந்த நீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். 1996இல் அஞ்சிய பேரிழப்பு நடக்கவில்லை. வெப்பத்துக்குச் செய்ததை எலும்புக்கும் செய்ய முடியும்.

பந்தயத்தையே ஒழித்துவிட்டால் இந்தப் பேச்சுக்கு வேலையில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தயம் ஒழிந்தாலும் சென்னைக் காவல்துறையின் குதிரைப் படை இருக்கும். மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரைகள் இருக்கும். ஆண்டில் பெரும்பகுதி கட்டுத்தறியில் நின்றுவிட்டு, கோடை சீசன் வந்ததும் காலை முதல் மாலை வரை ஆள் மாற்றி ஆள் சுமக்கும் அந்தக் குதிரையின் எலும்புக்கும் மேலே சொன்ன விதிகள்தான். குதிரைப் பந்தயம் திறமையின் விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தமிழ்நாடு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் திறமையில் குதிரையின் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. திறமை என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் அந்தத் திறமை தவறும்போது உண்டாகும் முறிவுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு ரேஸ் கிளப்பும் தன் திடலில் நேர்ந்த முறிவுகளையும் மரணங்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டு மாதம் ஓய்விலிருந்து திரும்பும் குதிரை, படிப்படியான வேகப் பயிற்சியின் பதிவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் களமிறங்கக் கூடாது.

எல்கைப் பந்தயம் நடத்தும் ஊர்க்காரர்களுக்கு என் வேண்டுகோள் தனி. தார்ச்சாலையில் லாடம் அடித்த குளம்போடு வண்டி இழுத்து ஓடும் குதிரைக்கு மண் திடலில் ஓடும் குதிரையைவிடக் காலில் அதிர்வு அதிகம். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கொட்டிலிலிருந்து அவிழ்த்து, கொள்ளும் தீனியும் கொடுத்து ஓட்டிப் பழக்கினால் மூச்சு பழகிவிடும், கால் பழகாது. பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள். பால்பல் எல்லாம் விழுந்து முன்பற்கள் நிறைய ஐந்து வயது ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். பல் நிறையாத குதிரையை நெடுந்தூரப் பிரிவில் சேர்க்காதீர்கள். கால்நடை மருத்துவர் ஒருவரைத் தொடக்கக் கோட்டில் நிறுத்துங்கள். பந்தய நோட்டீஸ் அச்சடிக்கும்போது, குறைந்தது நான்கு மாதம் இடைவிடாமல் பழக்கிய குதிரைகளுக்கு மட்டுமே அனுமதி என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சடியுங்கள்.